கேபிளை நிறுத்துவதற்கு முன்னால்: ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இணைய டிவி அமைத்துக் கொடுப்பது எப்படி

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்து, வைஃபையில் இணைத்து, பழைய செட்டாப் பாக்ஸைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுகிறோம். திங்கட்கிழமை சாயங்காலம் போன் வருகிறது. "நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்குப்பா, நாடகம் வரல." எங்கள் வீட்டில் இது அப்படியே நடந்தது. நாற்பது நிமிடம் போனிலேயே "மேல போங்க, வலது பக்கம் தள்ளுங்க, ஓகே அமுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா "சரி விடு, நீ சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு டிவியை அணைத்துவிட்டார். நாள் முழுக்க வீட்டு வேலையிலேயே போகிறவருக்கு சாயங்காலம் நாடகம் பார்க்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் தனக்கென்று இருப்பது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சரிசெய்து, சித்தி வீட்டில், மாமா வீட்டில், எதிர்வீட்டு ஆச்சிக்கு என்று நாலைந்து இடங்களில் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் டிவி வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள், அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை.

முதலில் அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அவர்களோடு உட்காருங்கள். எந்தச் சேனல், எத்தனை மணிக்கு, யார் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதுங்கள். "என்னம்மா பாப்பீங்க" என்று கேட்டால் "எதாவது ஓடும்" என்றுதான் பதில் வரும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், இரண்டு சீரியல், ஒரு செய்தி, இடையில் பழைய பாட்டு, காலையில் கோயில் நிகழ்ச்சி என்று ஒரு நேர அட்டவணையே அந்த வீட்டில் இருக்கிறது.

அந்தத் தாளை வைத்துத்தான் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்டில் இருக்கின்றன, விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5இல். சன் நியூஸ், புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன, அதற்குக் காசு வேண்டாம். பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன சேனலை, பிரசார் பாரதி அதே வருடம் நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் பார்க்கலாம். ஆக, வீட்டில் இரண்டு சேனல் சீரியல்தான் பார்க்கிறார்கள் என்றால் இரண்டு சந்தாவோடு முடிந்துவிடும். நெட்ஃபிளிக்ஸும் பிரைமும் நமக்குப் பிடிக்கும் என்பதற்காக அவர்கள் தலையில் கட்டாதீர்கள், திரையில் ஒரு செயலிச் சின்னம் கூடினால் அவர்களுக்கு ஒரு குழப்பம் கூடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். கேபிளில் ஏழரைக்கு சேனலைப் போட்டால் சீரியல் தானாக ஓடும். செயலியில் அந்தத் தொடரைத் தேடி, இன்றைய எபிசோடைக் கண்டுபிடித்து, அமுக்க வேண்டும். இந்த மாற்றம் நமக்குச் சின்னதாகத் தெரியும், அவர்களுக்குப் பெரியது. சன் நெக்ஸ்ட் போல நேரலைச் சேனலும் தருகிற செயலி இருந்தால் முதல் ஒரு மாதம் நேரலையையே போட்டுக் காட்டுங்கள். பழக்கமான நேரத்தில் பழக்கமான முகங்கள் வந்தால் பாதி பயம் போய்விடும்.

டிவி இருக்கும் இடத்தில் நெட் வருகிறதா

வட்டம் சுற்றுவதற்குப் பத்தில் எட்டு வீட்டில் காரணம் நெட் திட்டம் இல்லை, வைஃபை வந்து சேராததுதான் என்பது என் அனுபவம். எங்கள் வீட்டில் எடுத்திருந்தது 100 எம்பிபிஎஸ் திட்டம் (எம்பிபிஎஸ் என்பது நெட் வேகத்தின் அளவு). ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் வேகத்தைச் சோதித்தால் 90 காட்டியது. டிவி முன்னால் அம்மா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து சோதித்தால் 4. நடுவில் இரண்டு செங்கல் சுவர், அதில் ஒன்றை ஒட்டி அரிசியும் பட்டுப்புடவையும் வைத்த இரும்பு பீரோ. கம்பி இழுக்க வந்தவர் வாசலுக்குப் பக்கத்தில் எங்கே ஆணி இருந்ததோ அங்கே ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்றால், நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: சாதாரண எச்டிக்கு 3 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5, 4கேவுக்கு 15. மற்ற செயலிகளுக்கும் கிட்டத்தட்ட இதை வைத்துக்கொள்ளலாம். அதாவது ஊரில் கிடைக்கிற 30, 40 எம்பிபிஎஸ் திட்டமே ஒரு டிவிக்குத் தாராளம். 300 எம்பிபிஎஸ் எடுத்தால் வட்டம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி மாற்றாதீர்கள், முதலில் டிவி முன்னால் நின்று அளந்து பாருங்கள்.

அளக்கும்போது காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். தெருவே நெட் பார்க்கும் நேரம் ராத்திரிதான். டிவி இருக்கும் இடத்தில் இரண்டு நேரமும் 10க்கு மேல் வந்தால் நல்லது. காலையில் வந்து ராத்திரி மட்டும் விழுந்தால் அது நெட் கொடுப்பவர் பக்கக் குறை, அவரிடம் கேட்க வேண்டியது. ரூட்டர் பக்கத்தில் வந்து டிவி பக்கத்தில் விழுந்தால் அது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் குறை.

வீட்டுக் குறைக்கு மருந்து எளிது. ரூட்டரை டிவி இருக்கும் அறைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், நான் எங்கள் வீட்டில் செய்தது இதுதான், பதினைந்து மீட்டர் கேபிள், சுவர் ஓரமாகக் கிளிப் அடித்து எலி கடிக்காத உயரத்தில். பெரும்பாலான டிவிகளில் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும், 4கேவுக்கே 15 போதும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கேபிள் போட்ட அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வட்டம் சுற்றவில்லை.

கேபிளுக்கு வழியில்லை என்றால் ரூட்டர் காட்டும் இரண்டு வைஃபை பெயர்களைக் கவனியுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். ஒரே அறை என்றால் 5, நடுவில் சுவர் என்றால் இரண்டையும் போட்டுப் பார்த்து எது நிலையாக நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் ஒரு சீரியல் முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிடும். அவசரத்துக்குத் தரத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கலாம், தினமும் முடியாது.

அப்புறம் கரண்ட். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவி ஓடும், ஆனால் ரூட்டர் இருக்கும் பிளக்குக்குப் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைன் இருக்காது. ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், கை அளவுதான் இருக்கும். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டையும் ஆம்பியரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், 12 வோல்ட் 1 ஆம்பியரா 2 ஆம்பியரா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும், ஒன்றை மறந்தால் பயனில்லை.

டிவியா, குச்சியா

இனிமேல்தான் டிவி. ஏற்கெனவே நல்ல டிவி இருந்து, அதில் எச்டிஎம்ஐ துளை இருந்தால், புது டிவி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி ஒரு குச்சி போதும், அந்தத் துளையில் செருகினால் பழைய டிவியிலும் செயலிகள் ஓடும். ஐந்தாறு வருடம் ஆன ஸ்மார்ட் டிவியில் செயலிகள் புதுப்பிக்க மறுத்தாலும் இதே வழிதான். குச்சிக்குக் கரண்ட்டை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள், பல டிவிகளில் அது போதாமல் குச்சி தானாக அணைந்து அணைந்து எழும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள்.

புதிதாக டிவி வாங்குவதென்றால் படத்தின் பளபளப்பைப் பார்க்கும் முன் உள்ளே சேமிப்பு இடம் எவ்வளவு என்று கேளுங்கள். 8 ஜிபி என்றால் அதில் பாதிக்கு மேல் டிவியின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும், நாலு செயலி போட்டதும் "இடம் இல்லை" என்று வரும், அடுத்த மாதம் ஒரு செயலி திறக்காமல் நிற்கும். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை மலிவு என்று வாங்காதீர்கள், உரிமப் பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டியில் பெரிய செயலிகள் மங்கலான படத்தைத்தான் தரும், நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும்.

சந்தா: எல்லோரும் மாட்டுகிற இடம்

"மொபைல்" என்று பெயர் போட்ட மலிவுத் திட்டத்தை வாங்கினால் அது டிவியில் ஓடாது. நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், மற்ற சிலவற்றிலும் இப்படி ஒரு படி உண்டு. காசு கட்டும் முன் "டிவியில் பார்க்கலாம்" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

சென்னையில் இருக்கும் உங்கள் கணக்கையே ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலிருந்து இந்தியாவில் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று வைத்திருக்கிறது. ஊர் டிவியில் "இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்தது இல்லை" என்ற பொருளில் ஒரு திரை வந்து நிற்கும், அதைப் பார்த்து அப்பா தான் எதையோ உடைத்துவிட்டதாகப் பதறுவார். அவர்களுக்குத் தனிக் கணக்கு எடுத்துவிடுவது நிம்மதி.

பிராட்பேண்ட் திட்டத்தோடு ஓடிடி, அதாவது இந்தப் படம், சீரியல் செயலிகளின் சந்தா, இலவசம் என்று தருவார்கள். அது தானாக வராது. நெட் இணைப்பு எந்த போன் எண்ணில் பதிவாகியிருக்கிறதோ அந்த எண்ணை வைத்து ஒவ்வொரு செயலியையும் தனித்தனியாகச் செயல்படுத்த வேண்டும். மாமா வீட்டில் பதிவு எண், அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம். இலவசம் என்று எட்டு மாதம் காசு கட்டியிருக்கிறார், ஒரு செயலியும் திறந்ததில்லை. எண்ணை மாற்ற அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையோடு மூன்று நாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதனால் இணைப்பு எடுக்கும் அன்றே, வீட்டில் எப்போதும் இருக்கிற போனின் எண்ணைக் கொடுங்கள். ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும், நீங்கள் வேலை செய்யும் ஊருக்கு வராது.

தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும். அது அப்பா போனுக்கு ஆங்கிலத்தில் வந்து, அவர் பார்க்காமல் விட்டுவிட்டால் பணம் போய்விடும். ஆட்டோபேயை உங்கள் யுபிஐயில் வைத்துக்கொள்ளுங்கள், சந்தா முடியும் தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டாயிரம் சேனல், வருடம் முழுக்க என்று யாராவது ஒரு செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். திருட்டு ஒளிபரப்பு என்பது ஒரு பக்கம் இருக்க, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கும் செயலி போனில் வரும் ஓடிபியைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் வங்கிக் கணக்கு வரை போகலாம். எதிர்வீட்டு ஆச்சியின் போனில் அப்படி ஒன்றை நான் கையோடு அழித்தேன், நல்லவேளை அனுமதி கொடுத்திருக்கவில்லை.

உள்நுழைவது

டிவியில் செயலியைத் திறந்தால் ஒரு எண்ணோ கட்டம்போட்ட கியூஆர் படமோ வரும். கியூஆர் படத்தைப் போனில் ஸ்கேன் செய்வதுதான் பத்திரமான வழி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கூகுளில் "ஆக்டிவேட்" என்று தேடாதீர்கள், அங்கே போலிப் பக்கங்கள் இருக்கின்றன, "செயல்படுத்தக் கட்டணம்" என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் ஒரு எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்வார்கள். செயல்படுத்துவதற்குத் தனியாக எந்தக் கட்டணமும் கிடையாது. வாடிக்கையாளர் சேவை எண்ணையும் செயலிக்குள் இருந்துதான் எடுக்க வேண்டும். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள், சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. இந்த எண்ணை டிவி பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

திரையைச் சுத்தம் செய்யுங்கள்

உள்ளே போனதும் முதல் வேலை, முகப்பில் தேவையில்லாத செயலிகளை ஒதுக்கி, அந்தத் தாளில் எழுதிய மூன்றையோ நான்கையோ முன்னால் கொண்டுவருவது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தனித்தனி புரொஃபைல் வையுங்கள், ஒரே புரொஃபைலில் இருவரும் பார்த்தால் அம்மா விட்ட இடம் கிடைக்காது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள் என்றால் குழந்தைகள் புரொஃபைலும், பெரியவர்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்கப் பூட்டும்.

மொழி அமைப்பில் தமிழ் இருந்தால் மாற்றுங்கள். பேச்சு கேட்கவில்லை, பாட்டு மட்டும் கத்துகிறது என்று சொன்னால் ஒலிப் பட்டியலில் 5.1 (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) இருக்கிறதா என்று பார்த்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அப்போதுதான் பேச்சு எழுந்து வரும். ரிமோட்டில் மைக் பட்டன் இருந்தால் அதை அமுக்கிக்கொண்டு தொடரின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தெரியாத சித்தி, மைக்கில் பேச ஆரம்பித்த பிறகு தானாகவே பழைய பக்திப் பாடல்களைத் தேடிப் பிடிக்கிறார்.

கிரிக்கெட் பார்க்கும் அப்பா என்றால் ஒன்று சொல்லி வையுங்கள். இணையத்தில் படம் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, கொஞ்சம் சேர்ந்த பிறகே ஓடும். அதனால் நேரலை, டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டைவிடப் பின்தங்கி வரும், சில சமயம் அரை நிமிடம்கூட. பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்ட பிறகு இங்கே பந்து வீசுவார்கள். இதைச் சரிசெய்ய முடியாது. வேகமான நெட்டும் உதவாது. ஆட்டத்தை உயிராகப் பார்க்கிறவர் வீட்டில் கேபிளையோ டிஷ்ஷையோ விட்டுவைப்பதே சரி என்பது என் கருத்து.

வட்டம் சுற்றினால்

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டுங்கள், இந்த வரிசையில்: செயலியை மூடித் திறக்கவும். வேறு செயலி ஓடுகிறதா பார்க்கவும். டிவியைச் சுவிட்சில் அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடவும். ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா பார்க்கவும், எரிந்தால் நெட்காரருக்கு போன். எரியாவிட்டால் ரூட்டரை அணைத்துப் போட்டு ஐந்து நிமிடம் பொறுக்கவும்.

வேறு செயலி ஓடினால் நெட் நன்றாக இருக்கிறது, கோளாறு அந்தச் செயலியில்தான் என்று தெரிந்துவிடும், பாதிப் பதற்றம் அதிலேயே அடங்கிவிடும்.

இதற்கெல்லாம் மசியாத ஒரு கோளாறு சித்தி வீட்டில் வந்தது. நெட் இருக்கிறது, விளக்கு பச்சை, ஆனால் எந்தச் செயலியும் திறக்கவில்லை. நெட்காரர் வந்து பார்த்துவிட்டு டிவி போய்விட்டது என்று சொல்லிவிட்டார். நான் ஊருக்குப் போனபோது அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் டிவியின் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் செயலி இணைய மறுக்கும். தேதியைத் தானியங்கிக்கு மாற்றினேன், அடுத்த நொடி எல்லாம் திறந்தது. இருபதாயிரம் ரூபாய்க்குப் புது டிவி வாங்க இருந்தார்கள்.

பெற்றோர் வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் போகிறார்கள் என்றால், இந்தியச் சந்தா அங்கே ஓடாமல் போகலாம், உரிமம் நாட்டுக்கு நாடு வேறு. போகும் முன் அந்த நாட்டில் அந்தச் செயலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இங்கே சந்தாவைப் புதுப்பிக்காமல் விடுங்கள்.

கேபிளை உடனே நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். அந்த மாதத்தில் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை எத்தனை நாள் கையில் எடுத்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் கடைசியாக ஒன்று. ரிமோட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். டிவியை அணைத்த நிலையிலிருந்து இன்றைய எபிசோட் ஓடும் வரை அவரே செய்யட்டும். தப்பாக அமுக்கினாலும் போய்ப் பிடுங்காதீர்கள், வீடு சின்னம் போட்ட பட்டனை அமுக்கினால் எங்கிருந்தாலும் முகப்புக்கு வரலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை பதினோரு நிமிடம் ஆனது. நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தொடரின் பாட்டு ஆரம்பித்ததும் அம்மா எழுந்து வந்து, "வந்துருச்சு, ஆனா இது நேத்து போட்டதாச்சே" என்றார். அடுத்த எபிசோடுக்கு வலது பக்கம் தள்ள வேண்டும் என்று ஒரு தடவை காட்டினேன், அட்டையில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன், அப்புறம் பஸ் ஏறினேன்.